பிரேக் பிடிக்கவில்லையா? நட்டைத் திருகும் முன் இதைப் படியுங்கள்

எனக்கு வீடு சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம், வேலை ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில். காலையில் பைக்கில் மலை ஏறி சாயங்காலம் இறங்குவது பதினைந்து வருடத்துக்கு மேலான பழக்கம். இந்த மலைப்பாதையில் இன்ஜின் மக்கர் செய்தால்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு பஸ் பிடிக்கலாம். பிரேக் மக்கர் செய்தால் ஓரங்கட்டுவதே பெரிய பாடு.

இத்தனை வருடத்தில் என் வண்டியிலும் கூட வேலை பார்ப்பவர்கள் வண்டியிலும் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று உண்டு. பிரேக் ஒரே நாளில் போவது அபூர்வம். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், காலும் கையும் அதற்குப் பழகிக்கொண்டே வரும், ஒரு நாள் யாராவது அவசரத்துக்கு நம் வண்டியை வாங்கி ஓட்டிவிட்டு "என்னங்ண்ணா, பிரேக்கே இல்லீங்களே, எப்படிங்க ஓட்டுறீங்க" என்று கேட்கும்போதுதான் உறைக்கும். உடனே பட்டறைக்குப் போவோம், பின் சக்கரத்து நட்டை ரெண்டு சுற்று இறுக்கித் தருவார்கள், பிடிக்கிற மாதிரி இருக்கும், வந்துவிடுவோம். அந்த ரெண்டு சுற்று எந்தக் கோளாறை மூடி மறைத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் இங்கே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்து எழுதுகிறேன். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்ப் படித்தாலும் சரிதான்.

கை வைப்பதற்கு முன் மூன்று எச்சரிக்கை. வண்டி ஓட்டி வந்த சூட்டோடு டிஸ்க்கையோ (சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடு) டிரம்மையோ (சக்கரத்தின் நடுவில் இருக்கும் கிண்ணம் போன்ற கூடு) தொடாதீர்கள், அரை மணி நேரமாவது ஆறட்டும். டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் கருப்புத் தூசியை வாயால் ஊதும் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பழைய லைனிங்குகளில் (உரசிப் பிடிக்கும் மேல்பகுதி) கல்நார் கலந்திருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, ஆகவே ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். அப்புறம், டிஸ்க்கைக் கவ்வும் பேடு, டிரம்முக்குள் விரியும் ஷூ, டிஸ்க் மூன்றையும் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். எண்ணெய்ப் பசை ஊறிய லைனிங் திரும்பப் பழைய பிடிக்கு வராது.

பெடலை ரொம்பத் தூரம் மிதித்தால்தான் பின் பிரேக் பிடிக்கிறது

இதுதான் ரொம்பச் சாதாரணமான புகார். டிரம் பிரேக்கில் ஷூ தேயத் தேயப் பெடலின் வெற்றுத் தூரம் கூடிக்கொண்டே போகும். பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளில் பெடல் நுனியில் 20 முதல் 30 மி.மீ. வரை வெறுமனே இறங்கி அதற்கப்புறம் பிடிக்கத் தொடங்க வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் பெடலிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ராடின் நுனியில் இருக்கும் நட்டை அரை அரைச் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் சென்டர் ஸ்டாண்டில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். காலை எடுத்ததும் சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். நட்டின் வளைந்த முகம் ராடின் முனையில் இருக்கும் உருளையான பின்னில் சரியாக உட்கார வேண்டும், பாதியில் நின்றால் நாலு மிதியிலேயே தளர்ந்துவிடும்.

சரி, இறுக்கியாகிவிட்டது. வேலை அங்கே முடியவில்லை. பெடலை முழுசாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைப் பின் சக்கரத்தின் டிரம்மை மூடியிருக்கும் பிரேக் தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ராடு இழுக்கும் சின்ன இரும்புக் கையான பிரேக் ஆர்ம் திரும்பும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், தட்டில் ஒரு கோடோ முக்கோணமோ இருக்கும். மிதித்திருக்கும்போது அம்பு அந்தக் குறியைத் தொட்டுவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். இனி எத்தனை சுற்று இறுக்கினாலும் அது தற்காலிகத் தீர்வுகூட இல்லை. ஷூவைக் கழற்றிப் பார்த்தால் லைனிங் 2 மி.மீ. அளவுக்கோ அதற்குக் கீழோ வந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் ஒரு ஆபத்தான கைவேலை நடக்கிறது. நட்டு கடைசி வரை போய்விட்டால், ஆர்மைக் கழற்றி அதன் பல்லில் ஒன்றிரண்டு பல் தள்ளிப் பூட்டிக் கொடுத்துவிடுவார்கள். பெடல் மேலே வந்துவிடும், புதுப் பிரேக் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே ஷூக்களை விரிக்கும் கேம் ஏற்கெனவே நன்றாகத் திரும்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் தேய்ந்தால் அது முழுசாகக் கவிழ்ந்து ஷூக்களை விரித்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளலாம், சக்கரம் பூட்டிவிடும். அம்புக்குறியும் இடம் மாறிவிடுவதால் தேய்மானம் கண்ணுக்கே தெரியாது. என் வண்டியில் ஒரு தடவை இப்படிச் செய்து கொடுத்திருந்தார்கள், எனக்கு விஷயம் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஷூவை மாற்றலாம் என்று நானே சக்கரத்தைக் கழற்றினேன். லைனிங் ஒரு பக்கம் காகிதம் மாதிரி இருந்தது, இன்னொரு பக்கம் அலுமினியமே டிரம்மைத் தொட ஆரம்பித்திருந்தது. அந்த இரண்டு மாதமும் நான் தினமும் மலை இறங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து ஆர்மைக் கழற்றும் முன் கேமின் புள்ளிக் குறியும் ஆர்மின் புள்ளிக் குறியும் எங்கே நேராக இருக்கின்றன என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஷூவை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், கூடவே இரண்டு ஸ்பிரிங்கையும். ஸ்பிரிங் விலை ஒன்றுமில்லை, ஆனால் பழையது சூட்டில் தளர்ந்திருந்தால் ஷூ முழுசாகத் திரும்பாமல் உரசிக்கொண்டே இருக்கும். கேம் தண்டைக் கழற்றித் துடைத்து மிக மெல்லிசாக, விரலில் ஒட்டும் அளவுக்கு மட்டும், சூடு தாங்கும் கிரீஸ் தடவுங்கள். அதிகம் வைத்தால் உருகி லைனிங்கில் வழியும். டிரம்மின் உட்புறத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் பள்ளமாகத் தட்டுப்பட்டால் உள்விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். தாங்கக்கூடிய அதிகபட்ச அளவு ஹப்பிலேயே வார்க்கப்பட்டிருக்கும், அதைத் தாண்டியிருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைவது வீண், ஏனென்றால் கடைந்தால் இன்னும் பெரிதாகத்தான் ஆகும்.

திரும்பப் பூட்டும்போது இரண்டு விஷயம். பிரேக் தட்டை சேஸிஸோடு இணைக்கும் அந்த நீளமான இரும்புப் பட்டையின் போல்ட்டையும் அதன் பின்னையும் மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பிரேக் அடித்ததும் தட்டே சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். இன்னொன்று, ஆக்சில் நட்டை இறுக்கும்போது பெடலை அழுத்தி மிதித்தபடி இறுக்குங்கள். ஷூக்கள் டிரம்மின் நடுவில் தானாக உட்காரும், பிடி உடனே வித்தியாசமாகத் தெரியும்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சிசிக்கு உட்பட்ட வண்டிகளில், ஏபிஎஸ் (சட்டென்று பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) இல்லாவிட்டால், பெடலை மிதித்தாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் இணைப்பு இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பின் பிரேக்கை மட்டும் இறுக்கிவிட்டு விட்டுவிடாமல், பெடலை மிதிக்கும்போது முன் சக்கரமும் பிடிக்கிறதா என்று தூக்கிவைத்துச் சுற்றிப் பாருங்கள்.

சமதரையில் நன்றாக இருக்கிறது, மலை இறங்கும்போது மட்டும் பிடி போகிறது

நான் அதிகம் எழுத விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் சனி ஞாயிறுகளில் மேலிருந்து இறங்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் பிரேக் லைட் அணையாமலே இறங்குவதைப் பார்க்கிறேன்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏற்காடு டவுன் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்குள். வித்தியாசம் ஏறத்தாழ 1,200 மீட்டர். வண்டி 110 கிலோ, இரண்டு பேர் சேர்ந்து 150 கிலோ என்று வைத்தால் மொத்தம் 260 கிலோ. இவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 30 லட்சம் ஜூல், அதாவது ஒன்பது பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. அதில் ஒரு பங்கைக் காற்றும் இன்ஜினும் எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் இன்ஜின் பங்கும் சேர்ந்து அந்த உள்ளங்கை அகல லைனிங்கின் மேல்தான் விழும்.

அறிகுறி இப்படித்தான் வரும். முதல் நாலைந்து வளைவில் ஒன்றும் தெரியாது. அப்புறம் பெடலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்த வேண்டியிருக்கும். அப்புறம் ஒரு கருகல் வாசம், ரப்பரும் துணியும் சேர்ந்து தீய்ந்த மாதிரி. அதற்கடுத்து எவ்வளவு அழுத்தினாலும் மரக்கட்டையை மிதிப்பது போல இருக்கும், வண்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். டிஸ்க் பிரேக்கில் இதற்கு வேறொரு முகம் உண்டு: பிரேக் ஆயிலுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழ் குமிழாக நிற்கும், லீவர் திடீரென்று தளர்ந்து ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும்.

அது எனக்கு நடந்தது ஒரு மே மாதம், கோடை விழாக் கூட்டத்தில். பின்னால் தம்பி உட்கார்ந்திருந்தான், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மூட்டை பலா. முன்னால் போன வேன் ஊர்ந்ததால் நானும் பெடலில் காலை வைத்தபடியே ஊர்ந்தேன். மேலிருந்து ஒன்பதாவது வளைவுக்கு முன்னால் வாசம் வந்தது. அது வேனுடைய வாசம் என்று நினைத்தேன். வளைவில் மிதித்தபோது பிடி இல்லை. இரண்டாவது கியருக்கு இறக்கி, முன் பிரேக்கை மெல்லப் பிடித்து, மலைப் பக்கத்து ஓடையை ஒட்டி வண்டியை உரசி நிறுத்தினேன். தம்பியின் முழங்கால் சிராய்ந்ததோடு போயிற்று.

இப்படி நேர்ந்தால் என்ன செய்வது? வாசம் வந்த உடனேயே, பிடி முழுசாகப் போவதற்கு முன்னால், அகலமான இடம் பார்த்து நிறுத்திவிடுங்கள். இருபது முப்பது நிமிடம் ஆற விடுங்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஊற்றாதீர்கள், கொதிக்கும் டிஸ்க் கோணிக்கொள்ளும், டிரம் விரிசல் விடலாம். ஆறிய பிறகு பிடி திரும்ப வந்துவிடும், ஆனால் அதை நம்பிப் பழையபடி இறங்காதீர்கள். அன்றைக்கே அல்லது மறுநாள் லைனிங்கைத் திறந்து பாருங்கள். கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தால் மேல்பரப்பு வெந்துவிட்டது. லேசாக இருந்தால் உப்புத்தாளை ஒரு சமமான பலகையில் வைத்து எட்டு வடிவில் தேய்த்துப் பளபளப்பை எடுக்கலாம். ஓரங்களில் விரிசலோ பொடிப்பொடியாக உதிர்வதோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். டிஸ்க் வண்டியாக இருந்தால் ஆயிலையும் மாற்ற வேண்டும்.

நடக்காமல் இருக்க ஒரே வழி, எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது. இரண்டாவதில் ஏறும் வளைவை இரண்டாவதிலேயே இறங்குங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்னால், நேரான இடத்தில், இரண்டையும் சேர்த்து அழுத்தமாகச் சில வினாடி பிடித்து, வேகம் குறைந்ததும் முழுசாக விட்டுவிட வேண்டும். அந்த விட்ட நேரம்தான் பிரேக் மூச்சு விடும் நேரம். லேசாகத் தொட்டுக்கொண்டே இறங்குவது பாதுகாப்பு போலத் தோன்றும், உண்மையில் அதுதான் சூட்டை ஏற்றுகிறது. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குபவர்களை இன்னும் பார்க்கிறேன். அண்ணன்மார்களே, தயவுசெய்து வேண்டாம், மிச்சமாகிற பெட்ரோலைவிட ஒரு ஜோடி ஷூ விலை அதிகம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் குறையும்போது கிளட்ச் தானாக விலகி இன்ஜின் பிடி அற்றுப்போகும், முழு பாரமும் பிரேக்கின் மேல்தான். ஸ்கூட்டரில் ரெண்டு பேர் இறங்குகிறீர்கள் என்றால் வழியில் இரண்டு இடத்திலாவது நிறுத்தி ஆற வையுங்கள். குரங்குகளுக்குத் தீனி போட வேண்டாம், சும்மா நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால் போதும்.

டிஸ்க் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது

லீவரைப் பிடித்தால் ஒரு இடத்தில் கல் மாதிரி நிற்க வேண்டும். அப்படி இல்லாமல் மெத்தென்று போகிறதென்றால் முதல் சந்தேகம் லைனில் காற்று. ஒரு சின்ன சோதனை: லீவரை வேகமாக ஏழெட்டு முறை அடியுங்கள். அடிக்க அடிக்க இறுகி மேலே வந்தால் காற்றுதான். அடித்தும் அப்படியே மெத்தென்று இருந்தால் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி ஹோஸைப் பாருங்கள், பழைய ரப்பர் ஹோஸ் பலூன் மாதிரி லேசாக ஊதுவது கண்ணுக்கே தெரியும். ஹோஸை நாலு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லிப் பல கையேடுகளில் இருக்கிறது, மாற்றியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மாற்றும்போது முனை போல்ட்டின் இரண்டு பக்கமும் வரும் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். பழையதைத் திரும்பப் போட்டால் கசியும்.

காற்று எடுக்கும் முறை பெரிய வித்தை இல்லை. மாஸ்டர் சிலிண்டர் (லீவர் பக்கத்தில் ஆயில் கிண்ணத்தோடு இருப்பது) மட்டமாக இருக்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்பி வையுங்கள், டேங்கின் மேல் பழைய துணி ஒன்றை ஈரமாக்கிப் போடுங்கள், ஏனென்றால் பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். மூடியைத் துடைத்துத் திறந்து புது ஆயில் ஊற்றுங்கள். கேலிபரில் (பேடுகளைப் பிடித்திருக்கும் பகுதி) இருக்கும் பிளீடர் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு) முதலில் ரிங் ஸ்பேனர், பெரும்பாலும் 8ஆம் நம்பர், அதன் மேல் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும், உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய், குழாயின் மறுமுனை கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும். லீவரை நாலு முறை மெல்ல அடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள், நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள், குமிழும் ஆயிலும் போகும், லீவர் ஹேண்டில்பாரைத் தொடும், அதைத் தொட்டபடியே வைத்துக்கொண்டு நிப்பிளை மூடுங்கள், அப்புறம்தான் லீவரை விட வேண்டும். வரிசை மாறினால் குழாய் வழியாகக் காற்றை உள்ளே இழுத்துவிடும். குமிழ் வருவது நிற்கும் வரைக்கும் இதையே செய்யுங்கள், மேலே ஆயில் குறைந்துபோகாமல் இரண்டு மூன்று தடவைக்கு ஒரு முறை ஊற்றிக்கொண்டே இருங்கள். எல்லாம் செய்தும் லீவர் கொஞ்சம் மெத்தென்றே இருந்தால், லீவரை இழுத்து ரப்பர் பாண்டால் கட்டி ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள், மிச்சக் குமிழ்கள் மேலே ஏறிவிடுவது உண்டு.

எந்த ஆயில் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. டாட் 4க்கு 230, ஈரத்தோடு 155. வித்தியாசத்தைப் பாருங்கள். டாட் 4இல் எழுபத்தைந்து டிகிரி, வெறும் ஈரத்தால் போகிறது. பனியும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஏற்காட்டில் வண்டி நிற்கிறதென்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பட்டறையில் பாதி தீர்ந்த டப்பா, மூடி சரியாக மூடாமல், மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும். அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு 100 மில்லி சின்ன பாட்டிலாக சீல் உடைக்காமல் வாங்கிப் போங்கள். டாட் 5 மட்டும் சிலிக்கான் வகை. பெயர் ஒட்டினாற்போல் இருப்பதால் டாட் 5.1 என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், இரண்டையும் கலக்கவே கூடாது.

இன்னொன்று, ஆயில் அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேடு தேயும்போது பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். ஆகவே ஆயில் குறைந்தால் முதலில் பேடைப் பாருங்கள். பேடு நன்றாக இருந்தும் ஆயில் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது.

லீவரை அழுத்திப் பிடித்திருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது

வெளியே கசிவு எதுவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் போய்விட்டது. ரிப்பேர் கிட் கிடைக்கும். ஆனால் சிலிண்டரின் உள்சுவரில் கீறல் இருந்தால் கிட் போட்டும் பயனில்லை, முழு செட்டாக மாற்றுங்கள். இந்த அறிகுறி இருக்கும் வண்டியை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள், மாற்றும்வரை பஸ்தான்.

சத்தம்

கிறீச் என்ற கூரான சத்தமும் கரகரவென்று இரும்பு அறுக்கும் சத்தமும் வேறு வேறு. முதலாவது பெரும்பாலும் தூசி, அல்லது வெந்துபோன பேடு, அல்லது பேடுக்குப் பின்னால் இருக்க வேண்டிய தகடோ ஸ்பிரிங்கோ முந்தைய வேலையில் காணாமல் போனது. சேலத்தில் செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் லாரிகளுக்குப் பின்னால் போய்வரும் வண்டிகளில் அந்த மாவு மாதிரித் தூசி கேலிபருக்குள் அடைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பேடைக் கழற்றி, கேலிபரைச் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ் தடவிப் பூட்டினால் பாதிச் சத்தம் போய்விடும். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பரை ஊதிப் பெருக்க வைக்கும். பனிக்காலத்தில் காலையில் வண்டியை எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் வரும் சர்ரென்ற உரசல் டிஸ்க்கில் படர்ந்த மெல்லிய துரு, அது தானே போய்விடும், கவலை வேண்டாம்.

கரகர சத்தம் வந்தால் அப்படியே நிறுத்துங்கள். பேடின் பின்தகடு டிஸ்க்கைச் சீவுகிறது. டார்ச் அடித்துப் பாருங்கள். பேடில் தேய்மானக் கோடு மறைந்திருக்கும், அல்லது லைனிங் 1 மி.மீ. அளவுக்கு வந்திருக்கும். ஒரு நாள் தாமதத்தில் பேடு விலையில் முடிய வேண்டியது டிஸ்க் விலைக்குப் போய்விடும். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும், வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

வண்டி கனமாக ஓடுகிறது, சக்கரம் சூடாகிறது

வண்டியை நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். முன்னை விடக் கனமாக இருந்தால், பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ஹப்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். எது சூடாக அடிக்கிறதோ அதுதான் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. டிரம்மில் காரணம் அநேகமாக அதே நட்டுதான், அளவுக்கு மேல் இறுக்கியிருப்பார்கள். இல்லையென்றால் கேம் தண்டு துருப்பிடித்துத் திரும்ப மறுக்கிறது. செயினைச் சரி செய்யும்போது சக்கரம் பின்னால் நகர்வதால் பிரேக்கும் தானாக இறுகும், செயின் டைட் செய்த பிறகு பெடலைப் பார்க்காமல் வருவதால்தான் இந்தப் புகார் அதிகம். டிஸ்க்கில் கேலிபர் நகரும் பின்கள் காய்ந்திருக்கும், அல்லது பிஸ்டனில் துரு. ஒரு பேடு தேய்ந்தும் மறுபேடு கனமாகவும் இருந்தால் பெரும்பாலும் பின்தான் காரணம். லீவர் திருகும் இடம் காய்ந்து லீவரே முழுசாகத் திரும்பாமல் இருப்பதும் உண்டு, அதற்கு ஒரு சொட்டு கிரீஸ் போதும்.

பிரேக் பிடித்தால் லீவர் துடிக்கிறது, வண்டி குலுங்குகிறது

டிஸ்க் கோணியிருக்கலாம், டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். ஆனால் டிஸ்க் வாங்குவதற்கு முன் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், பேரிங் ஆட்டம் இருந்தால் இதே அறிகுறி வரும், செலவு பல மடங்கு குறைவு. டிஸ்க் போல்ட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்பதையும். ஏபிஎஸ் வண்டியில் சறுக்கும்போது மட்டும் லீவர் படபடவென்று துடிப்பது அதன் வேலை, கோளாறு இல்லை. ஏபிஎஸ் விளக்கு வண்டி நகர்ந்த பிறகும் அணையாமல் இருந்தால் சக்கரத்துப் பக்கம் இருக்கும் பல்வட்டத்தில் சேறோ, சென்சார் ஒயரில் வெட்டோ பாருங்கள். விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஈர ரோட்டில் சக்கரம் பூட்டாமல் காப்பது மட்டும் இருக்காது.

மழைக்கோ வாட்டர் சர்வீஸுக்கோ பிறகு பிடிக்கவில்லை

தண்ணீர்தான். கொஞ்ச தூரம் மெதுவாகப் போய் லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால் காய்ந்துவிடும். காய்ந்தும் வரவில்லையென்றால், சர்வீஸில் செயினுக்கும் பாடிக்கும் அடித்த ஆயில் டிஸ்க்கில் பட்டிருக்கிறது. டயருக்குப் பளபளப்பு போடுகிறேன் என்று அடிப்பதும் அதே கதைதான். முன் ஃபோர்க் ஆயில் சீல் கசிந்து அந்த எண்ணெய் கேலிபரில் இறங்கியிருந்தால் சீலை மாற்றாமல் பேடை மட்டும் மாற்றுவது காசைத் தண்ணீரில் போடுவது.

பேடும் ஷூவும் வாங்கும்போது

பேடில் பொதுவாக மூன்று வகை: ஆர்கானிக் (நாரும் பிசினும் கலந்தது), செமி மெட்டாலிக் (அதில் உலோகமும் சேர்த்தது), சின்டர்டு (உலோகத் தூளைச் சூட்டில் அழுத்தி இறுக்கியது). ஆர்கானிக் சத்தமில்லாமல் மென்மையாகப் பிடிக்கும், டிஸ்க்கை அதிகம் தேய்க்காது, ஆனால் சூட்டில் சீக்கிரம் தளரும். சின்டர்டு சூட்டுக்கும் மழைக்கும் அசையாது, டிஸ்க்கைக் கொஞ்சம் வேகமாகத் தேய்க்கும், அதற்கென்று செய்யாத டிஸ்க்கில் போடக் கூடாது. ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்குக் கம்பெனி கொடுத்த வகையே தாராளம். என் மாதிரி தினம் மலை ஏறுகிறவர்களுக்கு, வண்டிக் கையேடு அனுமதிக்கிறதென்றால், ஒரு படி மேலே போகலாம். வகையைவிட முக்கியம் போலி இல்லாமல் வாங்குவது. பழைய பேடைக் கையோடு எடுத்துப் போங்கள், பார்ட் நம்பரை ஒத்துப் பாருங்கள், அட்டையில் விலையும் தயாரிப்பு மாதமும் அச்சாகியிருக்க வேண்டும், பில் வாங்குங்கள். ஷூவில் லைனிங் ஒட்டிய ஓரத்தில் நகத்தை விட்டுப் பாருங்கள், இடைவெளி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சூட்டில் அந்த லைனிங் பிய்ந்து டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும்.

டிஸ்க் பேடு மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவீர்கள், மேலே ஆயில் பொங்கும், ஆகவே மூடியைத் திறந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தள்ளுங்கள். பூட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் லீவரை இறுகும்வரை அடியுங்கள். இதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் பிரேக்கில் லீவர் ஹேண்டில்பார் வரை போகும், எதிரே சுவரோ ஆளோ இருந்தால் அவ்வளவுதான்.

புதுப் பேடும் ஷூவும் முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. மேல்பரப்பு டிஸ்க்கோடு ஒட்டிப் பழக வேண்டும். கூட்டமில்லாத சமதரை ரோட்டில் 40 கி.மீ. வேகத்திலிருந்து பத்து வரை குறைத்து, விட்டு, திரும்ப வேகமெடுத்து, இப்படி இருபது முப்பது தடவை, நடுநடுவே ஆற விட்டுச் செய்யுங்கள். அதற்கப்புறமும் இருநூறு கிலோமீட்டர் வரை அடித்துப் பிடிக்காமல் ஓட்டுங்கள். என் வண்டிக்கு ஷூ மாற்றினால் அந்த வாரம் முழுக்க அதை ஏற்காடு ரோட்டில் கோரிமேடு தாண்டி எடுத்துப் போக மாட்டேன். காலையில் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன், சாயங்காலம் ஊருக்குள் சுற்றி ஷூவைப் பழக்குவேன்.